'ஓல்டு'க்கு எதிர்ச்சொல் என்ன? பக்கத்தில் நிற்பது எது என்று முதலில் பாருங்கள்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி. சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி ஆப்போசிட் வேர்ட்ஸ் பட்டியலை முழுசாக மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தாள். பிக் ஸ்மால், ஹாட் கோல்டு, ஓல்டு நியூ, ஹார்டு சாஃப்ட் என்று நாற்பது ஜோடி, ஒரு தடுமாற்றம் இல்லை. சரி என்று, "உங்க பாட்டி ஓல்டு. உன் தம்பி?" என்று கேட்டேன். வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். "நியூன்னு வரணும் மிஸ், ஆனா அப்படிச் சொன்னா என்னமோ மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, குறை பட்டியலில் இருக்கிறது. ஒரு சொல், அதற்கு நேராக ஒரே ஒரு எதிர்ச்சொல் என்று பட்டியல் எழுதி வைத்துவிடுகிறது. பேச்சில் அப்படி நடப்பதில்லை. அட்ஜெக்டிவ், அதாவது பெயரடை, எந்தப் பெயருக்கு முன்னால் வந்து உட்காருகிறதோ அந்தப் பெயரும் சேர்ந்துதான் எதிர்ச்சொல் எது என்று முடிவு செய்கிறது. ஆளைப் பற்றிப் பேசினால் 'ஓல்டு'க்கு எதிர் 'யங்'. சட்டை, வீடு, சைக்கிள் என்று பொருளைப் பற்றிப் பேசினால் 'நியூ'. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக அவிழும், அதனால் 'ஓல்டு'வையே இன்னும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

தஞ்சாவூருக்குப் போய்வருகிறவர்களுக்குப் பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் இரண்டும் தெரியும். ஓல்டு பஸ் ஸ்டாண்டு, நியூ பஸ் ஸ்டாண்டு. அங்கே 'யங்' வந்து நிற்கவே நிற்காது. அதே ஊருக்குள் ஓடும் கல்லணைக் கால்வாயை மக்கள் புது ஆறு என்கிறார்கள். மேட்டூர் அணை கட்டிய 1930களில் வந்தது அது, இத்தனை வருஷம் ஆகியும் இன்னும் புது ஆறுதான். ஏனென்றால் அந்தப் 'புது', ஆற்றின் வயதைச் சொல்லவில்லை, ஏற்கெனவே இருந்த ஆறுகளுக்குப் பிறகு வந்தது என்பதைச் சொல்கிறது. பாசனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் ஓல்டு டெல்டா, நியூ டெல்டா என்று பிரித்துத்தான் எழுதுகிறார்கள், காவிரியும் வெண்ணாறும் காலங்காலமாகப் பாய்ந்த பகுதி ஓல்டு, கல்லணைக் கால்வாயால் பிறகு பாசனம் கிடைத்த பகுதி நியூ.

இதே 'ஓல்டு' இன்னொரு இடத்தில் இரண்டு பொருளோடு வரும். 'மை ஓல்டு டீச்சர்' என்று ஒருவர் சொன்னால் அந்த ஆசிரியர் வயதானவர் என்றும் எடுக்கலாம், முன்னாளில் எனக்குப் பாடம் எடுத்தவர் என்றும் எடுக்கலாம். முதல் பொருளுக்கு எதிர் 'யங் டீச்சர்'. இரண்டாவது பொருளுக்கு எதிர் 'ப்ரெசன்ட் டீச்சர்' அல்லது 'நியூ டீச்சர்'. முப்பது வயதுள்ள ஒருவர்கூட உங்களுடைய ஓல்டு டீச்சராக இருக்கலாம். எந்தப் பொருள் என்று சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள், எது பொருந்துகிறதோ அதுதான் அங்கே பொருள். எதிர்ச்சொல்லை நான் விடாமல் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணமே இதுதான். பரீட்சையில் அது 1 மார்க் கேள்வி. அதைவிடப் பெரிய உபயோகம், ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் கருவி அது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள குணம் என்று நினைக்க வேண்டாம். காய்கறிக் கடையில் வெண்டைக்காயை எப்படிப் பார்த்து வாங்குகிறோம்? நுனியைக் கட்டைவிரலால் அழுத்துவோம். 'டக்'கென்று ஒடிந்தால் இளசு, வளைந்து நார் போல நின்றால் முற்றல். அந்தக் கூடையில் 'இளசு'க்கு எதிர் 'முற்றல்'. வீட்டுக்கு வந்ததும் 'இளையவ'ருக்கு எதிர் 'மூத்தவர்'. இளநீருக்கு எதிர்ப்பக்கம் முற்றிய தேங்காய். இளஞ்சூட்டுக்கு எதிர்ப்பக்கம் கொதிக்கும் சூடு. ஒரே 'இளம்', நாலு இடத்தில் நாலு எதிர். யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை, அம்மாவுடன் கடைக்குப் போய்ப் போய் வந்தது. ஆங்கிலத்தில் இளநீரை 'டெண்டர் கோகனட்' என்கிறோம். அதே 'டெண்டர்' கறிக்கு முன்னால் வந்தால் பஞ்சு போல வெந்தது என்று பொருள், எதிர்ச்சொல் 'டஃப்'. (வெளிநாட்டில் இளநீர்க் காயை 'யங் கோகனட்' என்றும் விற்கிறார்கள், ஆக தேங்காய்க்கும் 'யங்' இடம் கொடுத்துவிட்டது.)

அடுத்து 'ஷார்ட்'. ஆள் என்றால் எதிர் 'டால்', கயிறு என்றால் எதிர் 'லாங்'. நாம் பாடுபடும் நெல்லிலேயே இருக்கிறது, குறுவை ஷார்ட் டியூரேஷன் பயிர், சம்பா லாங் டியூரேஷன் பயிர், நம் பெயரிலேயே 'குறு' இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் 'டால்' பக்கத்திலிருந்து திரும்பி வந்தால் வழி வேறு. டால் மேன் என்றால் எதிர் ஷார்ட் மேன், சரி. டால் பில்டிங் என்றால் ஷார்ட் பில்டிங் என்று சாதாரணமாகச் சொல்வதில்லை, 'லோ' என்பதுதான் பழக்கம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் டால், சுற்றியிருக்கும் திருச்சுற்று மாளிகை லோ. சுவருக்கு 'ஹை', 'லோ'. விலைக்கும் காய்ச்சலுக்கும் 'ஹை', 'லோ'. போன வழியிலேயே திரும்பி வர முடியாது என்பது இதில் புரிய வேண்டிய சங்கதி, 'அ'வுக்கு எதிர் 'ஆ' என்பதால் 'ஆ'வுக்கு எதிர் எப்போதும் 'அ' என்று ஆகாது.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் 'ரஃப்'. பிள்ளைகள் பையிலேயே ரஃப் நோட்டு இருக்கிறது, அதற்கு எதிர் ஃபேர் நோட்டு. கிறுக்கிப் பார்ப்பது ரஃப், அழகாகத் திருத்தி எழுதுவது ஃபேர். தச்சுப் பட்டறைக்குப் போனால் இழைக்காத பலகை ரஃப், இழைத்த பலகை 'ஸ்மூத்'. கோடியக்கரைப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால், கொந்தளிக்கிற கடல் ரஃப், அடங்கிக் கிடக்கும் கடல் 'காம்'. வீடு கட்ட மேஸ்திரி வாயால் ஒரு தொகை சொல்கிறார், அது ரஃப் எஸ்டிமேட், கணக்குப் போட்டு எழுதித் தந்தால் 'எக்ஸாக்ட்'. நோட்டு, பலகை, கடல், கணக்கு. இடத்துக்கு இடம் எதிர்ச்சொல் மாறினாலும், நாலு 'ரஃப்'புக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது, இன்னும் ஒழுங்குபடாதது, மேடும் பள்ளமுமாக இருப்பது என்ற எண்ணம். அது புரிந்துவிட்டால் நாலையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம்.

'ஃபேர்' என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேர் நோட்டுக்கு எதிர் ரஃப், ஃபேர் ப்ளேவுக்கு எதிர் 'அன்ஃபேர்' அல்லது 'ஃபவுல்', நிறத்தைப் பற்றிச் சொன்னால் எதிர் 'டார்க்'. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள். நிறம் டார்க் என்றால் அதில் நியாயமில்லாதது என்ற வாசனைகூட கிடையாது, இதைப் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, டீக்கடைக்கு வாருங்கள். "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு, லைட்டா ஒண்ணு" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். நம் டீக்கடையில் அது சுத்தமான வழக்கு, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கிலாந்துக்காரர் ஒருவரோடு பேசும்போது ஸ்ட்ராங் டீக்கு எதிர் 'வீக் டீ'. வீக் என்றால் பலவீனம் என்று மட்டும் படித்தவர்களுக்கு, உடம்பு சரியில்லாத டீயா என்று தோன்றும். அங்கே அது சாறு கம்மியாக இறங்கிய டீ, அவ்வளவுதான். நாம் ஏன் 'லைட்' என்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால், நம் 'லேசு' பின்னால் நிற்பது தெரியும். லேசான காற்று, லேசான மழை, லேசான வலி, லேசாகச் சர்க்கரை என்று எல்லாவற்றுக்கும் 'லேசு' வருகிறது, 'லேசு'க்கு ஆங்கிலம் 'லைட்' என்று மனசு மாற்றிக்கொண்டது. பாதி இடத்தில் அது சரியாகவே வரும். ஸ்ட்ராங் விண்டுக்கு எதிர் லைட் விண்டுதான், வீக் விண்டு என்பது வழக்கமில்லை. மழைக்கு 'ஹெவி ரெயின்', 'லைட் ரெயின்'. மழைக்கு ஸ்ட்ராங் வராது. ஆகக் காற்று ஸ்ட்ராங், மழை ஹெவி, இரண்டுக்கும் எதிர்ப்பக்கம் லைட். டீ, காபிக்கு மட்டும் வீக்.

'லைட்' இன்னும் சில இடங்களில் வரும். நிறத்துக்கு லைட் என்றால் எதிர் டார்க், லைட் ப்ளூ, டார்க் ப்ளூ. மூட்டைக்கு லைட் என்றால் எதிர் ஹெவி. சின்னச் சத்தத்துக்கே விழித்துக்கொள்கிறவர் லைட் ஸ்லீப்பர், இடி விழுந்தாலும் எழுந்திருக்காதவர் ஹெவி ஸ்லீப்பர். அப்புறம் நம் வயலுக்கு வந்தால், களிமண்ணை ஹெவி சாயில் என்பார்கள், மணற்பாங்கான மண்ணை லைட் சாயில் என்பார்கள். தராசில் வைத்துப் பார்த்துச் சொன்ன பெயர் இல்லை அது. கொழுவுக்கும் மாட்டுக்கும் எவ்வளவு பாரமாக இருக்கிறது, உழுவதற்கு எவ்வளவு இழுவை கேட்கிறது என்பதை வைத்து வந்தது. வேளாண்மை படிக்கப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் முதல் வருஷப் புத்தகத்தில் திணற மாட்டார்கள்.

நெல்லைப் பற்றிப் பேசினோமே, அரிசியில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. 'ரா'வுக்கு எதிர் பொதுவாக 'குக்டு', வேகாதது, வெந்தது. மாங்காய்க்கு முன்னால் 'ரா' என்றால் எதிர் 'ரைப்', காய், பழம். நம் பலசரக்குக் கடையில் பச்சரிசி 'ரா ரைஸ்', புழுங்கலரிசி 'பாயில்டு ரைஸ்'. இந்தியாவுக்கு வெளியே பாயில்டு ரைஸ் என்று கேட்டால் தட்டில் சோறு வைத்துவிடுவார்கள். நெல்லாக இருக்கும்போதே அவித்து, காயவைத்து, பிறகு அரைத்த அரிசிக்கு அவர்கள் சொல் 'பார்பாயில்டு ரைஸ்'. இன்னொரு பக்கம், புழுங்கலரிசி மூட்டையும் வேகாத அரிசிதானே, அவர்கள் கணக்குப்படி அதுவும் ரா. தெரிந்தவர் ஒருவரின் மகன் வெளிநாட்டில் போய்ச் சமையலுக்கு அரிசி தேடியபோது இந்த ஒரு சொல்லால் ரெண்டு கடை அலைந்திருக்கிறான். தப்பு அவன்மேல் இல்லை, நம் 'பச்சை'தான் இத்தனை வேலையும் பார்க்கிறது. பச்சரிசி, பச்சை மிளகாய், பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை. இதில் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொல் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்சொல்லும் வேறு.

தண்ணீருக்கு வருவோம், கால்வாயின் கடைசியில் இருக்கும் நம் மாதிரி கடைமடைக்காரர்களுக்கு அது உயிர். நாம் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரெஷ் வாட்டர்', 'சால்ட் வாட்டர்'. இந்த ஃப்ரெஷ், இன்றைக்குப் பிடித்த தண்ணீர் என்ற பொருளில் வரவில்லை, உப்பில்லாதது என்ற பொருளில் வருகிறது. இரண்டும் கலந்த சவர் தண்ணீருக்கு 'ப்ராக்கிஷ்' என்று தனியாகவே ஒரு சொல் உண்டு, இறால் பண்ணை வைத்திருக்கிறவர்கள் வாயில் அடிக்கடி வரும். ரொட்டிக்கு ஃப்ரெஷ் என்றால் எதிர் 'ஸ்டேல்', காய்ந்துபோன பழைய ரொட்டி. 'ஹார்டு வாட்டர்' என்றால் உப்புகள், குறிப்பாகக் கால்சியமும் மெக்னீசியமும், அதிகம் கரைந்து சோப்பு நுரைக்காத தண்ணீர், அதற்கு எதிர் 'சாஃப்ட் வாட்டர்'. அதே 'ஹார்டு' கேள்வித்தாளுக்கு முன்னால் வந்தால் எதிர் 'ஈஸி'. சாஃப்ட் கொஸ்டின் பேப்பர் கிடையாது.

இதுவரை சொன்னது எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் ஜோடி என்பது. அந்த ஜோடிக்குள் இருக்கும் உறவிலும் இரண்டு வகை உண்டு, அது பலர் கவனிக்காத விஷயம்.

ஒரு வகை, மேட்டூர் நீர்மட்டம் மாதிரி. ஒவ்வொரு அடியாக ஏறும், ஒவ்வொரு அடியாக இறங்கும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில் எத்தனையோ படிகள். ஹாட், கோல்டு இரண்டுக்கும் நடுவில் 'வார்ம்', 'கூல்' இருக்கின்றன. லைட் ரெயினுக்கும் ஹெவி ரெயினுக்கும் நடுவில் 'மாடரேட்'. வானிலைத் துறை இதற்கு எண்ணே வைத்திருக்கிறது, 24 மணி நேரத்தில் 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை, அதற்கு மேல் 64.4 வரை மிதமான மழை, 64.5 தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. இப்படிப் படிப்படியாகப் போகிற சொற்களோடு 'வெரி' சேரும், 'வெரி ஹாட்', 'வெரி ஹெவி'. ஒப்பிடவும் செய்யலாம். ஆனால் ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது: 'அண்ணன் இஸ் ஓல்டர் தேன் தம்பி' என்றால் அண்ணன் வயதானவன் என்று ஆகாது, அண்ணனுக்கு ஏழு, தம்பிக்கு அஞ்சாக இருக்கலாம். 'பெட்டர்' என்றால் 'குட்' என்று அர்த்தம் ஆகிவிடாது, நேற்று ரொம்ப மோசம், இன்றைக்குக் கொஞ்சம் தேவலை என்பதற்கும் 'பெட்டர்'தான்.

இன்னொரு வகை மோட்டார் சுவிட்ச் மாதிரி. ஓடுகிறது, இல்லை ஓடவில்லை. 'அலைவ்', 'டெட்' அப்படி. உயிரோடு இருக்கிறது அல்லது இல்லை. இதற்கு 'வெரி' சேராது, 'வெரி டெட்' என்று சாதாரணப் பேச்சில் வராது. 'மேரீட்', 'அன்மேரீட்' அப்படி. 'ரைட் ஆன்சர்', 'ராங் ஆன்சர்' அப்படி. இந்த வகையில் ஒன்றை இல்லை என்று சொன்னால் மற்றதை ஆமாம் என்று சொன்னதாகிவிடும். 'நாட் அலைவ்' என்றால் டெட்தான், நடுவில் இடமே கிடையாது. முதல் வகையில் அது நடக்காது, 'நாட் ஹாட்' என்றால் கோல்டு என்று அர்த்தமில்லை, வெதுவெதுப்பாக இருக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஜோடி ஒன்று இருக்கிறது, 'ட்ரை', 'வெட்'. வெட் என்பதற்குப் படிகள் உண்டு, கொஞ்சம் ஈரம், ரொம்ப ஈரம், லேசான ஈரத்துக்கு 'டேம்ப்' என்று சொல்லே இருக்கிறது. ட்ரை என்பதற்கு ஒரு கோடி உண்டு, ஈரம் சுத்தமாகப் போய்விட்டால் அதற்கு மேல் காயமுடியாது. அதனால் 'கம்ப்ளீட்லி ட்ரை' என்பது இயல்பாக வரும், 'கம்ப்ளீட்லி டேம்ப்' வராது. சரி, அந்தக் கோடி எங்கே இருக்கிறது? கொடியில் காயும் துணிக்கு ஒரு இடம், நெல்லுக்கு ஒரு இடம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்து, ஒரு பிடி அள்ளி ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போடும்போது, 17 சதவீதத்துக்குள் இருந்தால் காய்ந்த நெல். 17 சதவீதம் ஈரம் இருக்கும் துணியை யாரும் மடித்து பீரோவில் வைக்க மாட்டோம், ஆனால் நெல்லுக்கு அது ட்ரை. ஐப்பசி மழையில் நனைந்த குறுவையைச் சாலையோரம் பரப்பிவிட்டு, காலால் துழாவிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிறவர்களுக்கு ட்ரை, வெட் இரண்டும் பாடப்புத்தக ஜோடி இல்லை, ஒவ்வொரு சதவீதமும் காசு.

கேள்வி கேட்கும்போது இந்த ஜோடிகளில் ஒன்றுக்குத்தான் முதல் மரியாதை. 'ஹவ் ஓல்டு', 'ஹவ் டால்', 'ஹவ் டீப்', 'ஹவ் லாங்'. பிறந்து ரெண்டு மாதமான குழந்தைக்கும் 'ஹவ் ஓல்டு'தான், பதிலும் 'டூ மன்த்ஸ் ஓல்டு'தான். குழந்தையைக் கிழம் என்று சொன்னதாக அர்த்தமில்லை, அங்கே ஓல்டு வெறும் அளவுகோல். 'ஹவ் டீப் இஸ் தி ரிவர்' என்றால் ஆழம் தெரியாமல் கேட்கிறார்கள். 'ஹவ் ஷாலோ' என்று யாராவது கேட்டால், ஆழமில்லை என்று முன்னமே முடிவுசெய்துவிட்டுக் கேட்கிறார்கள் என்று பொருள். நாமும் 'எவ்வளவு ஆழம்', 'எவ்வளவு உயரம்' என்றுதான் கேட்கிறோம், 'எவ்வளவு குட்டை' என்று கேட்டால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும்.

இனி 'நாட்'. 'நாட் பேட்' என்று ஒருவர் சொன்னால் நம் 'பரவாயில்லை' மாதிரி, குறை சொல்ல ஒன்றுமில்லை, சில சமயம் நன்றாகவே இருக்கிறது என்றுகூட. 'நாட் குட்' என்றால் நேராக மோசம். இரண்டும் சம அளவில் விலகுவதில்லை. முன்னொட்டுகளும் இப்படித்தான், 'அன்' என்பது பெரும்பாலும் நல்ல பக்கத்துச் சொல்லோடு ஒட்டும். அன்ஹேப்பி உண்டு, அன்சேட் கிடையாது. அன்கைண்டு உண்டு, அன்க்ரூயல் கிடையாது. 'இன்' என்ற முன்னொட்டு அடுத்து வரும் ஒலியைப் பார்த்து உருமாறும், இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர். மரம் என்பதோடு கள் சேரும்போது மரங்கள் என்று மகரம் ஙகரமாகிறதே, அதே மாதிரியான புணர்ச்சிதான் இதுவும். இதற்கென்று தனி மனப்பாடம் வேண்டாம், சத்தமாக ரெண்டு தடவை சொன்னால் நாக்கே சரியான இடத்துக்குப் போகும்.

ஆனால் 'இன்' எல்லாமே எதிர்மறை என்று நம்பிவிடக் கூடாது, இதில் உயிரே போகலாம். நாகப்பட்டினம் சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்கக் கூடியது. அப்படியானால் 'இன்' சேர்ந்தால் தீப்பிடிக்காததா? இல்லை. இரண்டும் ஒரே பொருள். இந்த 'இன்', எதிர்மறை 'இன்' இல்லை, லத்தீனில் 'உள்ளே' என்ற பொருள் தரும் வேறு 'இன்', தீ மூட்டு என்ற வினையிலிருந்து வந்தது. இந்தக் குழப்பத்தால் ஆபத்து வரும் என்றுதான் அமெரிக்காவில் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920களிலேயே 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னார்கள். உண்மையான எதிர்ச்சொல் 'நான்ஃப்ளேமபிள்'. பிள்ளைகளுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

'இன்வேல்யுவபிள்' இன்னொன்று. வேல்யுவபிளுக்கு எதிர் மாதிரி தோன்றும், பொருளோ விலைமதிக்க முடியாதது. 'ப்ரைஸ்லெஸ்' அப்படியே. மதிப்பில்லாதது என்பதற்கு 'வொர்த்லெஸ்'. நம் பக்கம் பாருங்கள், 'மதிப்பற்ற' என்றால் ஒன்றுக்கும் உதவாதது, 'விலைமதிப்பற்ற' என்றால் எவ்வளவு கொடுத்தாலும் தகாதது. ஒரு 'விலை' முன்னால் சேர்ந்ததில் தலைகீழாகிவிட்டது. 'இன்ஃபேமஸ்' என்றால் பேர் தெரியாதவர் என்று நினைக்க வேண்டாம், கெட்ட பேர் எடுத்தவர். பேர் தெரியாதவருக்கு 'அன்னோன்'.

கடைசியாக, எதிர்ச்சொல் சரியாக இருந்தும் மனசு நோகும் இடங்கள். 'ஃபேட்'டுக்கு எதிர் 'தின்' என்று படித்திருக்கிறோம், திக் சாம்பார், தின் சாம்பார் என்று குழம்புக்கும் அந்தத் 'தின்'னையே வைத்துக்கொள்ளலாம், அங்கே 'கெட்டி', 'தண்ணி' என்று பொருள். ஆளிடம் சொல்லும்போது 'ஸ்லிம்' என்றால் பாராட்டு, 'ஸ்கின்னி' என்றால் எலும்பும் தோலுமாக என்று குத்துவது, 'தின்' இரண்டுக்கும் நடுவில். 'எக்ஸ்பென்சிவ்'க்கு எதிர் 'சீப்'. ஆனால் தாராசுரம் கோயில் பார்க்க வந்துவிட்டுக் கும்பகோணத்தில் பட்டுச் சேலை வாங்கும் வெளியூர்க்காரரிடம் 'சீப் சாரி' என்று எடுத்துக் காட்டினால், விலை மலிவு என்பதோடு சரக்கே மட்டம் என்ற வாசனையும் சேர்ந்து போகும். நெய்தவருக்கு அது அவமானம். 'இன்எக்ஸ்பென்சிவ்' என்றோ, 'நாட் வெரி எக்ஸ்பென்சிவ்' என்றோ சொன்னால் விலையைப் பற்றி மட்டும் பேசினதாக இருக்கும்.

அந்தப் பெண்ணிடம் பட்டியலை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, நோட்டில் பெயரோடு சேர்த்து எழுதச் சொன்னேன். 'ஓல்டு' என்று மட்டும் எழுதாதே, 'ஓல்டு மேன்' என்று எழுது, அதற்கு நேராக 'யங் மேன்' எழுது, அடுத்த வரியில் 'ஓல்டு ஷர்ட்', 'நியூ ஷர்ட்'. ஒரு சொல்லுக்கு மூன்று பெயராவது பிடித்துக்கொண்டு வா, வீட்டில் இருக்கும் சாமான்களாகவே இருக்கட்டும் என்றேன். மறுநாள் 'ஃப்ரெஷ்' எழுதிக்கொண்டு வந்தாள். ஃப்ரெஷ் வாட்டருக்கு நேராக சால்ட் வாட்டர். ஃப்ரெஷ் ப்ரெட்டுக்கு நேராக ஸ்டேல் ப்ரெட். ஃப்ரெஷ் ஃபிஷ்ஷுக்கு நேராக இரண்டு எழுதியிருந்தாள், 'ராட்டன் ஃபிஷ்', 'ட்ரைடு ஃபிஷ்'. அவள் அம்மா முத்துப்பேட்டையிலிருந்து மீன் எடுத்துவந்து விற்கிறவர். கெட்டுப்போனதை வெளியே எறிந்துவிடுவோம், நல்ல மீன் மிஞ்சினால்தான் உப்புப் போட்டுக் கருவாடாக்குவோம், ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு அம்மா சொன்னாங்க, அதான் தனித்தனியா எழுதினேன் மிஸ் என்றாள்.